நாலாவது பாட்டு

முதுநகரில் ரயில் ஏறி என் எதிரில் உட்கார்ந்தவர், இன் செய்த சட்டையும் நரைத்த தாடியுமாக பேங்க் மேனேஜர் போலிருந்தார். காதில் இயர்போன். மடியிலிருந்த டிபன் பாக்ஸை விரல்களால் தட்டிக்கொண்டே வந்தார். என்ன பாட்டு என்று கேட்டதும் ஒரு இயர்போனை என்னிடம் நீட்டினார்.

"எங்க த்ராஷ் மெட்டல் பேண்டோட ஆல்பம் சார். காட்டு வேகத்துல அடிக்கிற ராக் மியூசிக். டிரம்ஸ் நான். மொத மூணு பாட்டு பட்டாசு. மீதியெல்லாம் சொதப்பிட்டோம்."

"ஏன்?"

"வேகத்தக் கொறைச்சா ஜாஸ்தி பேரு கேப்பாங்கன்னு ஒருத்தன் சொன்னான். பழைய ரசிகருங்களும் போயிட்டாங்க, புதுசா யாரும் வரல."

"யார் அந்த ஒருத்தன்?"

"நான்தான் சார்" என்று சிரித்தார்.

சிதம்பரம் நெருங்கும்போது நாலாவது பாட்டு காதில் சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தது. டிபன் பாக்ஸில் அவர் விரல்கள் அதே பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் அடித்தன. காதில் கேட்டது எனக்கு மறந்துவிட்டது. டிபன் பாக்ஸில் கேட்டது மறக்கவில்லை.