அப்பாவின் போனுக்கு நான் போட்ட பூட்டு

எனக்குக் கைராசி உண்டு என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. அருப்புக்கோட்டையில், திருச்சுழி போகிற ரோட்டில் அப்பாவுக்கு விதைக் கடை. புரட்டாசியில் முதல் மழை விழுந்ததும் பருத்தி விதைக்கும் குதிரைவாலி விதைக்கும் ஆட்கள் வந்து நிற்பார்கள். முதல் விதையை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னாலும் விடமாட்டார்கள். விளைந்தால் அது என் கை. விளையாமல் போனால் மழை சரியில்லை. இப்படியொரு வசதியான ராசி. கடைத் தராசு, வீட்டு ஃபிரிட்ஜ், அப்பாவின் பைக் எல்லாவற்றிலும் முதல் கை என்னுடையதுதான்.

நான் ஏழாம் வகுப்புக்குப் போன வருடம் அப்பாவிடம் பேசுவது குறைந்துபோனது. காரணம் என்று ஒன்றும் கிடையாது. அதற்கு முன்பெல்லாம் ஸ்கூல் விட்டு நேராகக் கடைக்குப் போய், மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து, டீச்சர் கட்டியிருந்த சேலையின் நிறம் வரைக்கும் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பேன். அவர் விதையை நிறுத்துக்கொண்டே "ம், ம்" என்பார். ஏழாம் வகுப்பில் பாடத்துக்கென்று ஒரு டேப் வாங்கித் தந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளப் பழகினேன். அப்பா வந்து கதவைத் தட்டுவார். "பாப்பா, என்ன செய்யுற?" "ஒண்ணுமில்ல." உண்மையிலேயே ஒன்றுமில்லைதான். யாரோ ஒரு பெண் கேக் செய்வதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த டேப்தான் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். அதை ஒரு கட்டுக்குள் வைத்தால் பிள்ளை பழையபடி கடைக்கு வந்து உட்கார்ந்துவிடும் என்று நினைத்தார் போல. ஒரு வாரம் மொபைல் கடைக்காரரிடம் நடையாய் நடந்தார். டிவிக்குத் தனிப் பூட்டு இருக்கிறதாம். வைஃபை டப்பாவிலேயே நேரம் வைக்கலாமாம். வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆப்பும் உண்டாம். அப்பாவுக்கு அந்தக் கடைசிதான் பிடித்தது.

அம்மாவுக்கு இதெல்லாம் ஆகாத வேலை. "இதுக்கா இம்புட்டு அலைச்சல்? ராத்திரி எட்டு மணிக்கு அந்த டப்பா வயரைப் புடுங்கி நான் இடுப்புல சொருகிக்கிடுதேன். முடிஞ்சுபோச்சு."

"வயரப் புடுங்குனா எல்லாருக்கும்ல நின்னுபோகும். இது அப்படியில்ல. பாப்பாவுக்கு ஒரு அளவு, தம்பிக்கு ஒரு அளவு. யாரு என்ன பாக்குறாகன்னு குடும்பத் தலைவரு போனுக்கு வந்துரும்."

"பாத்து என்ன செய்யப் போறீக?"

அப்பா காலண்டரைப் புரட்டப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து, இரண்டு போனையும் டேப்பையும் டிவி ரிமோட்டையும் சாமி அறையில் வரிசையாக வைத்தார். ரிமோட்டுக்குக்கூட சந்தனப் பொட்டு. ஆப்பைத் திறக்க வேண்டிய நேரத்தில் வழக்கம்போல என்னைக் கூப்பிட்டார். "எதுன்னாலும் மொதல்ல பாப்பா கை படட்டும்." என் டேப்பில் திறந்தேன். எடுத்த எடுப்பில் அது, நீங்கள் பெற்றோரா, குழந்தையா என்று கேட்டது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"என்ன கேக்குது?"

"யாரு ஆரம்பிக்கிறாங்கன்னு கேக்குதுப்பா."

"நீதான ஆரம்பிக்கிற, போடு."

பெற்றோர் என்று போட்டேன். பொய் என்று சொல்ல முடியாது, உண்மை என்றும் சொல்ல முடியாது. ரகசிய எண்ணும் நானே வைத்தேன். மற்ற போன்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க, அப்பாவும் அம்மாவும் எனக்குப் பிள்ளைகள் ஆனார்கள். பிள்ளைகளுக்கு எட்டு மணி வரை என்று அளவு வைக்கச் சொன்னது அப்பாதான்.

அன்று எட்டு மணிக்கு அப்பாவின் போன் இருண்டுபோனது. 'இன்றைய நேரம் முடிந்தது. பெற்றோரிடம் அனுமதி கேட்கவும்' என்று எழுத்து வந்தது.

"எங்கய்யா செத்தே பத்து வருசமாச்சு. நான் யார்ட்டப் போயி கேக்க?" என்றார் அப்பா. அம்மா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

மறுநாள் அப்பா போனைக் கொண்டுபோய்க் காட்ட, பெற்றோர் இடத்தில் நான் இருக்கிற விஷயத்தை மொபைல் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். திட்டு விழும் என்று நான் உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஆனால் அப்பா வந்து திட்டவேயில்லை. எட்டு மணிக்குக் கதவைத் தட்டினார். "தாயி, ஒரு பத்து நிமிசம் குடேன்."

"எதுக்கு?"

"மழ எப்பன்னு பாக்கணும்."

கொஞ்சம் கெஞ்சவிட்டுக் கொடுத்தேன். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். நானும் அதிகாரியைப் போல, "நேத்துதான பாத்தீங்க?" என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் திறந்துவிடுவேன். மாற்றித் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டதற்கு, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். இதை அம்மா சொல்லி நான் தெரிந்துகொண்டது பல வருடங்கள் கழித்து.

கடைக்காரர் ஒன்றைச் சொல்ல மறந்திருந்தார். போனில் யார் எதைத் தேடினாலும், அது பட்டியலாக எனக்கு வந்து சேரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைதான் அதைத் திறந்து பார்த்தேன். அப்பாவுக்கு டைப் அடிக்க வராது. மைக்கை அமுக்கிப் பேசுவார். அதனால் அவர் பேசினது பேசினபடியே இருந்தது.

பருத்தி காய்ப்புழு மருந்து.

பன்னெண்டு வயசுப் பொம்பளப்பிள்ள ஏன் பேச மாட்டேங்குது.

பிள்ள கதவச் சாத்திக்கிட்டா தட்டலாமா.

கேக்கு எப்படிச் செய்யுறாக.

மக கிட்ட என்ன பேசுறது.

எனக்கு அவ்வளவு சிரிப்பு. இப்போது எழுதும்போது கூசுகிறது. அன்றைக்குச் சிரிப்பு மட்டும்தான் வந்தது. அன்று மதியம் மல்லாங்கிணற்றிலிருந்து அத்தையும் மாமாவும் பிள்ளைகளோடு விருந்துக்கு வந்திருந்தார்கள். எல்லோரும் இலையில் உட்கார்ந்து பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போது, நடுவில் நின்று டேப்பைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் குரலிலேயே வாசித்தேன். கேக்கு என்ற இடத்தில் அத்தை பிள்ளைகளுக்குப் புரையேறிவிட்டது.

"ஏண்ணே," என்றாள் அத்தை, "ஊருக்கெல்லாம் யோசன சொல்லுற ஆளு, பெத்த பிள்ளட்டப் பேச போன்ட்டயா பாடம் கேக்குற?"

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "கொண்டா அத" என்று டேப்பைப் பிடுங்கினாள். அப்பா சிரித்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு இலையில் பாதிச் சோறு இருக்க எழுந்து கை கழுவினார். அவர் சோற்றை மிச்சம் வைத்து நான் பார்த்ததேயில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை அம்மா டேப்பைத் திருப்பிக் கொடுத்தாள். திறந்ததும் பட்டியலில் புதிதாக ஒரு வரி இருந்தது. முந்தைய நாள் சாயங்காலம் கடையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

வளந்த பிள்ளய விட்டு எம்புட்டுத் தள்ளி நிக்கணும்.

அதையும் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். அவனும் சிரித்தான். ஸ்கூல் விட்டு வருவதற்குள் அப்பா எல்லாவற்றையும் மொபைல் கடைக்குக் கொண்டுபோய்ப் பூட்டை எடுத்துவிட்டிருந்தார். டிவி, டேப் எல்லாம் எங்கள் இஷ்டம். நானும் தம்பியும் கட்டில் மேல் ஏறிக் குதித்தோம். அன்று எட்டு மணிக்கு யாரும் கதவைத் தட்டவில்லை. மறுநாளும் தட்டவில்லை. தொந்தரவு விட்டது என்று நிம்மதியாகக் கேக் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கடையில் உட்கார்ந்து அப்பா கேட்ட அந்தக் கடைசிக் கேள்விக்குப் போன் என்ன பதில் சொன்னது என்று பட்டியலில் வராது. நானும் கேட்டதில்லை. இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். லீவு முடிந்து கிளம்பும்போது அப்பாதான் பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விடுகிறார். பஸ்ஸில் ஏறிப் பையை மேலே வைக்கிறார். "சாப்பிட்டுக்க" என்கிறார். இறங்கிப் போய், ஜன்னல் பக்கம் வராமல், எதிரே இருக்கிற பழக்கடை ஓரமாக நிற்கிறார். நான் கை காட்டிக் கூப்பிட்டாலும் வருவதில்லை. பஸ் கிளம்பும்வரை அங்கேயேதான் நிற்பார்.