திருத்தப்பட்ட உகரம்

காலை 7.40. யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் காங்கேசன்துறைப் பேருந்தில் ஏறினேன். தெல்லிப்பழைக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர்.

நான் கோயம்புத்தூர்க்காரன். ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில், பேச்சைக் கேட்டு எழுத இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கும் ஆய்வு செய்கிறேன். இந்த ஆண்டு முழு உதவித்தொகையுடன் ஒரே ஒரு முனைவர் பட்ட இடம் இருந்தது; ஆளைத் தேர்வு செய்வது என் பொறுப்பு. தெல்லிப்பழை தர்சிகா விண்ணப்பித்திருந்தார். கணிதமும் நிரலும் அபாரம். ஆனால் ஒலிப்பதிவுகளைக் கேட்டு அவர் எழுதியனுப்பிய மாதிரியில் எங்கு பார்த்தாலும் ‘உந்த’, ‘உது’. ‘அந்த’, ‘அது’ என்பதைக் கவனக்குறைவாக எழுதியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். உகரத்தை அகரமாக்க நாலு வரி நிரல் எழுதி நண்பர்களிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு. இடம் வேறொருவருக்குப் போனது. இப்போது யாழ்ப்பாணக் குரல்கள் போதவில்லை என்று அவரிடமே உதவி கேட்டு, வெட்கமில்லாமல் போய்க்கொண்டிருந்தேன்.

8.10. சுன்னாகத்தில் கூட்டம் ஏறியது. நடத்துநர் என்னைப் பார்த்து, “அண்ணை, உந்தப் பையைக் கீழை வையுங்கோ” என்றார்.

“எந்தப் பை?”

“உங்கடை மடியிலை இருக்கிறதுதான். என்ரை கையிலை இருந்தா இந்தப் பை. அங்காலை கிடந்தா அந்தப் பை. உது உங்களிட்டை எல்லோ இருக்கு!”

பேருந்தே சிரித்தது. தர்சிகா எழுதியது பிழையே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அ, இ, உ என்று மூன்று சுட்டெழுத்தையும் பள்ளியில் ஒப்பித்தவன் நான். உகரம் இப்போது வழக்கில் இல்லை என்று ஆசிரியர் சொன்னதை இத்தனை வருடம் நம்பியிருக்கிறேன். மல்லாகம் வந்ததையும் நான் கவனிக்கவில்லை.

8.45. தர்சிகா தெல்லிப்பழைச் சந்தியில் காத்திருந்தார். தனியார் வகுப்பு ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறாராம். வீட்டில் பிளேன்ரீ என்று பால் கலக்காத தேநீர் கொடுத்தார். குடிக்காமல், பேருந்தில் நடந்ததையும் அவர் மாதிரியை நான் ஒதுக்கிய காரணத்தையும் சொன்னேன்.

தட்டை மேசையில் வைத்தார். பிறகு, “கடைசிப் பக்கத்திலை குறிப்பு எழுதினனான், சேர். உ எண்டு வாறது பிழையில்லை எண்டு.”

“நான் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கலைங்க.”

“ஓம். விளங்குது.”

“அடுத்த வருஷம் நிதி கிடைச்சா…”

“பாப்பம், சேர்.”

கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. இருபது நிமிடம் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, ஒரு பெண்ணின் நான்கு வருட ஆய்வு வாய்ப்பைப் பறித்துவிட்டேன். அதை எந்த நிரலாலும் இனித் திருப்பித்தர முடியாது.

11.20. திரும்பும் பேருந்துக்கு வழியனுப்ப வந்தார். எங்கள் ஊரில் அருகிலிருப்பது இது, தொலைவிலிருப்பது அது; எதிரே நிற்பவர் கையில் இருப்பதற்கென்று தனிச்சொல் கிடையாது. இருந்திருந்தால் நான் கொஞ்சம் எதிரே பார்த்திருப்பேனோ என்னவோ.

பேருந்து வந்தது. தான் பதிவு செய்த நாற்பது குரல்களையும் ஒரு பென்டிரைவில் போட்டு என் உள்ளங்கையில் வைத்தார்.

“உதையும் திருத்திப்போடாதேங்கோ, சேர்.”