அம்மாவுக்கு மஞ்சள் காமாலையாம்

குஷாய்குடா தொழிற்சாலையில் விஜயகுமாரிக்குச் சோதனைப் பிரிவில் வேலை. பதினெட்டு வருடமாக அவள் சோதிக்காமல் ஒரு சர்க்யூட் போர்டுகூட வெளியே போனதில்லை. தன் உடம்பு என்று வந்தால் மட்டும் அண்ணன் பக்தவத்சலம் சொல்வதே வேதம். பக்கத்து மேசைக்காரியான எனக்கு இதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்ததுதான் மிச்சம்.

அவர்களுடைய அம்மா நாற்பத்து மூன்று வயதில் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். பெரியம்மாவும் அதே நோயில்தான். ஆனால் மாரெட்பள்ளியில் சொந்தக்காரர் யாரைக் கேட்டாலும் மஞ்சள் காமாலை என்பார்கள். அப்படிப் பரப்பிய புண்ணியவான் பக்தவத்சலம். அந்த வியாதி இருக்கும் வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்களாம். என்ன ஒரு முன்யோசனை! தொழிற்சாலையின் மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் 'குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா?' என்ற கேள்விக்கு விஜயகுமாரியும் வருடந்தோறும் 'இல்லை' என்றே எழுதினாள். தொழிற்சாலை டாக்டர்களும் கையால் தொட்டுப் பார்த்து அனுப்பிவிடுவார்கள்.

இந்த வருடம் அவளுக்கு நாற்பத்தொன்று. அம்மாவின் வயதை நெருங்க நெருங்கத் தூக்கம் போயிற்று. "போய் உண்மையைச் சொல்லித் தொலைடி!" என்று திட்டி, ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். அண்ணனும் ஒட்டிக்கொண்டார். அவர் மகள் சுபாஸ்ரீக்குப் பத்து நாளில் நிச்சயதார்த்தம். தங்கையின் வாய்க்குக் காவல் வேண்டாமா?

குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று டாக்டர் பானு கேட்டதும் அண்ணன் முந்திக்கொண்டார். "எங்க ஃபேமிலில அந்த பீமாரி யாருக்கும் கிடையாது டாக்டர்."

விஜயகுமாரி அவர் பக்கம் பார்க்கவே இல்லை. "அம்மாவுக்கு இருந்துச்சு. பெரியம்மாவுக்கும். ரெண்டு பேரும் அதுலதான் செத்தாங்க."

"நக்கோ விஜி, வேணாம்!" என்று பல்லைக் கடித்தார் அண்ணன். எனக்கோ கைதட்ட வேண்டும் போலிருந்தது.

டாக்டர் மேமோகிராம், எம்.ஆர்.ஐ. இரண்டையும் எழுதினார். இனி வருடா வருடம் எடுக்க வேண்டும், மரபணுச் சோதனையும் செய்துவிடலாம் என்றார். பிறகு அண்ணனிடம் திரும்பினார்.

"நீங்களும் அந்த அம்மா பெத்த பிள்ளைதானே சார்? அந்த மரபணுக் கோளாறு ஆம்பளைக்கும் வந்திருக்கலாம். உங்க வழியா உங்க பொண்ணுக்கும் போயிருக்கலாம்."

பக்தவத்சலத்தின் முகம் வெளுத்துவிட்டது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "இதை மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லணுமா டாக்டர்?"

சுபாஸ்ரீயை என்றைக்குக் கூட்டிவரலாம் என்று விஜயகுமாரிதான் கேட்டாள்.