லாக்கப் வாசலுக்கும் பொட்டு

வேலந்தாவளத்துக்குச் சற்று முன்னால் பஸ் பஞ்சராகி நிற்கிறது. எதிரே புது போலீஸ் ஸ்டேஷன் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஊர் பெருகிவிட்டதால் பழையது போதவில்லையாம். வெயிலுக்கு ஒதுங்கி உள்ளே போகிறேன். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், புகார் சொல்ல வரும் பெண்களுக்குத் தனி அறை என்று யோசித்துத்தான் கட்டுகிறார்கள்.

இன்று வாசக்கால் வைக்கிற நாள். முன்வாசல் நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டியாகிவிட்டது. மேஸ்திரியும் ஆட்களும் பொரிகடலை தின்றுகொண்டிருக்கிறார்கள். சித்தாள் வேலை பார்க்கும் ஒரு பெண் மட்டும் மிச்ச மஞ்சளோடு பின்பக்கம் போகிறாள். அங்கே லாக்கப் அறைக்கான இரும்புச் சட்டத்தை நிறுத்தி முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் மஞ்சள் பூசுகிறாள்.

“இதுக்குமா?” என்று கேட்கிறேன்.

“முன்வாசல்ல வர்றவங்க எப்படியும் ஊட்டுக்குத் திரும்பிருவாங்க. இதுக்குள்ள போறவனும் திரும்பி வரோணுமில்லீங்க.”

“உங்களுக்கு வேண்டியவங்க யாராவது…?”

“எந்தம்பிங்க. பழைய ஸ்டேசனுக்கு. நடந்துதானுங்க போனான்.”

மிச்ச மஞ்சளைச் சட்டத்தின் அடிவரை இழுத்துப் பூசி முடிக்கிறாள். சட்டத்தைச் சுவரோடு சேர்த்துப் பூச வந்த மேஸ்திரி, கலவைச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்து நிற்கிறார்.

அவள் குங்குமத்தைத் தொட்டு, மேல் சட்டத்துக்குப் போகாமல், பக்கச் சட்டத்தில் ஓர் ஆளின் நெற்றி வரும் உயரத்தில் வைக்கிறாள்.