தாமரைக் குளத்தைத் தொட்ட டீச்சர்

காதில் மாட்டிய கருவி

சித்தன்னவாசல் குகைக்குள் நின்று பேசிக்கொண்டிருந்தேன். எதிரே நின்ற வெளிநாட்டுப் பயணிகளில் ஒருவர்கூட என் பேச்சைக் கேட்கவில்லை. எல்லார் காதிலும் சின்ன இயர்போன். செல்போன் கேமராவைத் தூணில் தீட்டிய நடன மங்கைக்கு நேராகப் பிடித்தால், அவரவர் மொழியில் போன் விளக்கம் சொல்கிறது. ஓர் அம்மாள் என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, சங்கடத்தோடு சிரித்தார்.

அவர்களை அழைத்து வந்த டூர் மேனேஜர் மரியாதை தெரிந்த மனிதர். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "தப்பா நெனைக்காதீங்க மேடம். இனிமே இந்த மாதிரி குரூப்புக்கு வழி மட்டும் காமிச்சாப் போதும்," என்றார்.

லைசன்ஸ் வாங்கிய நாளிலிருந்து புதுக்கோட்டை மாவட்டத்தில் கைடாக இருக்கிறேன். நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம் எல்லாம் என் ரூட் என்றாலும், சித்தன்னவாசல்தான் என் சோறு. அன்று திருக்கோகர்ணத்துக்கு டவுன் பஸ்ஸில் திரும்பும்போது, இந்த வேலை இன்னும் எத்தனை சீசன் ஓடும் என்ற யோசனைதான். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

நிவேதாவின் லேப்டாப்

அந்தச் சமயத்தில்தான் நிவேதா வந்தாள். திருச்சிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. பழைய இடங்களை போட்டோவாக எடுத்து, கம்ப்யூட்டரில் முப்பரிமாணத்தில் கட்டித் தருவது அவர்கள் தொழில். முறையாக அனுமதி வாங்கி, பிளாஷ் இல்லாமல் குகையின் கூரையை அங்குலம் அங்குலமாகப் படம் எடுத்தாள். கூடவே இருந்து விவரம் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டாள். என் பிழைப்பைக் கெடுக்கிற கூட்டத்தில் இவளும் ஒருத்தி என்று உள்ளுக்குள் நினைத்தபடிதான் போனேன்.

படங்களையெல்லாம் ஒன்றாகக் கோத்து அவள் திரையில் விரித்தபோது, நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தக் குகையின் முன் மண்டபத்துக் கூரை முழுக்க ஒரு தாமரைக் குளம் தீட்டியிருக்கிறார்கள். மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமைகள், நடுவில் இறங்கிப் பூப் பறிக்கும் ஆட்கள். ஆயிரம் வருஷத்துக்கும் மேலான ஓவியம். அதன் கீழே கழுத்து வலிக்க நின்றே என் ஆயுசில் பாதி போயிருக்கிறது. ஆனால் ஒரு தண்டின் ஓரத்தில், இலைக்குப் பின்னால் பாதி மறைந்து போகும் மீனை அன்றைக்குத்தான் பார்த்தேன். திரையை இன்னும் பெரிதாக்கச் சொன்னேன். தூரிகையின் ஒரு மயிர் விலகிப் போன கோடுகூடத் தெரிந்தது. வரைந்தவர் கையை அப்போதுதான் எடுத்த மாதிரி இருந்தது.

நிவேதாவின் திட்டம் அதோடு நிற்கவில்லை. அந்தக் குளத்தைக் கையால் தடவிப் பார்க்கிற பலகையாக 3டி பிரிண்டரில் எடுக்க நினைத்தாள். ஓவியம் தட்டையானது. எது மேலே, எது கீழே என்று மெஷினுக்குத் தெரியாது. அவள் ஒவ்வொரு கோட்டையும் திரையில் வரைந்துகொண்டே, இது இலையா நீரா, இது எருமையின் கொம்பா தண்டா என்று கேட்பாள். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததை இருவரும் திரும்பத் திரும்பப் பார்த்து முடிவு செய்வோம். கம்பெனியில் இதற்கு முழு ஒப்புதல் இல்லை. கண் தெரியாத யாராவது தொட்டுப் பார்த்து, புரிகிறது என்று சொன்னால்தான் மேற்கொண்டு செலவு செய்வார்களாம். இல்லாவிட்டால் முதல் பலகையோடு சரி.

ஆவூரிலிருந்து வந்த போன்

சொல்லிவைத்த மாதிரி ஆவூரிலிருந்து சேவியர் என்பவர் போன் செய்தார். மனைவி ஆரோக்கியமேரி, பள்ளியில் வரலாற்று டீச்சர். பிறவியிலேயே பார்வை கிடையாது. அந்த வருஷம் பிள்ளைகளை சித்தன்னவாசலுக்கு டூர் கூட்டிப்போக ஏற்பாடு. நீங்கள் வந்து என்ன செய்யப் போகிறீர்கள், வேறு டீச்சர் போகட்டும் என்று பள்ளியில் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றார் சேவியர்.

பிறகு டீச்சரே போனை வாங்கினார். "மேடம், வருஷா வருஷம் அந்தப் பாடத்த நாந்தான் நடத்துறேன். சுவத்தத் தொடக் கூடாதுன்னு தெரியும். தொடாம எனக்கு அங்க என்னதான் இருக்கு, சொல்லுங்க. ஒண்ணும் இல்லைன்னா நான் வரல."

நிவேதாவின் பலகை அன்றுதான் பிரிண்ட் ஆகி வந்திருந்தது. வாங்க டீச்சர் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, பயமாக இருந்தது. தடவிப் பார்த்துவிட்டு, வெறும் மேடு பள்ளம்தானே என்று சொல்லிவிட்டால் டீச்சரின் டூரும் போச்சு, நிவேதாவின் திட்டமும் போச்சு.

கூரைக்குக் கீழே

சேவியரின் தோளைப் பிடித்துக்கொண்டு டீச்சர் படியேறி வந்தார். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட காட்டன் சேலை. முதலில் உள்ளறைக்குக் கூட்டிப்போனேன். அங்கே அசையாமல் நின்று மெல்ல 'ம்' என்று இழுத்தால் அறை முழுக்க அந்த ஓசை அதிரும். டீச்சர் இழுத்தார். ஓசை நிற்கும்வரை காத்திருந்து, "அறை சதுரம்தானே," என்றார். ஆமாம் என்றேன்.

பிறகு முன் மண்டபத்தில் உட்காரவைத்து, பலகையை மடியில் வைத்தாள் நிவேதா. டீச்சரின் விரல்கள் ஓரத்திலிருந்து தொடங்கின. பூ என்றார். இலை என்றார். யானை என்று நாங்கள் சொல்லுமுன் துதிக்கையைப் பிடித்துவிட்டார். அப்புறம் நிறுத்திவிட்டார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"இது மேல கூரையில இருக்குன்னுதான சொன்னீங்க? என் மடியில இருந்தா அது படம். கூரையில இருக்கறதக் கூரையிலதான தேடணும். தூக்கிப் பிடிக்கிறீங்களா?"

டீச்சர் எழுந்து நின்றார். நானும் சேவியரும் ஆளுக்கொரு பக்கமாகப் பலகையைக் கவிழ்த்து அவர் தலைக்கு மேலே பிடித்தோம். டீச்சர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். அண்ணாந்த முகத்தோடு விரல்கள் மேலே நகர்ந்தன. கொஞ்ச நேரத்தில் அவருடைய கால்களும் நகர ஆரம்பித்தன. அவர் நடக்க நடக்க நாங்களும் பலகையோடு நகர்ந்தோம். குளத்துக்கு அடியில் ஒருவர் நடந்துபோகிற மாதிரி இருந்தது. அவருடைய விரல் பலகையில் எந்தப் பூவில் இருந்ததோ, அதே பூ மேலே கூரையிலும் மலர்ந்திருந்தது. சுற்றி நின்ற பயணிகள் செல்போனைத் தாழ்த்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இலைக்குப் பின்னால் பாதி மறைந்த அந்த மீனை அவர் விரல் தாண்டிப் போய், திரும்பி வந்தது. "இது அங்கிட்டு ஒளியுது," என்று சொல்லிச் சிரித்தார். பார்வை உள்ள நான் தவறவிட்ட மீன் அது.

ஓரிடத்தில் கை நின்றுவிட்டது. மழமழவென்று ஒன்றும் இல்லாத பகுதி. இங்கே ஏன் எதுவும் இல்லை என்று கேட்டார். அங்கே சுதைப் பூச்சு உதிர்ந்துபோய்விட்டது, என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது என்றேன். அந்த வெறுமையான இடத்தில்தான் உள்ளங்கையை அதிக நேரம் வைத்திருந்தார்.

கடைசியில் பூப் பறிக்கும் ஆளின் முகத்துக்கு வந்தார். விரல் நுனிக்குள் அடங்கிவிடும் முகம். பிரிண்டில் மூக்கு மட்டும்தான் தெரிந்தது.

"இவரு எப்புடி இருக்காரு மேடம்? சிரிக்கிறாரா, அவசரத்துல இருக்காரா?"

சாந்தமான முகம், வனப்பு, எழில் என்று நான் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகள் வாய்வரை வந்தன. சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். பார்த்துப் பார்த்துச் சொன்னேன்: அவசரமே இல்லை டீச்சர். பூ கைக்கு வந்துவிட்டது, இனிப் போகலாம் என்று தெரிந்தும் தண்ணீரை விட்டு ஏற மனசு வராத மாதிரி நிற்கிறார்.

டீச்சர் தலையாட்டினார். கைகளைக் கீழே இறக்கினார். சேவியர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நிவேதா பலகையை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்ப் பாறையில் உட்கார்ந்துவிட்டாள். போய்ப் பார்த்தால் அழுகிறாள். "புரிஞ்சிருச்சுக்கா, அவங்களுக்குப் புரிஞ்சிருச்சு," என்றாள்.

பிறகு

பள்ளி டூரை ஆரோக்கியமேரி டீச்சரேதான் நடத்தினார். தலைமை ஆசிரியருக்கு நிவேதா எடுத்த வீடியோவை அனுப்பியதும் மறுபேச்சு இல்லை. அன்று குகைக்குள் விளக்கம் சொன்னதெல்லாம் அவர்தான். நான் பிள்ளைகளோடு பின்னால் நின்றேன். கம்பெனியும் ஒத்துக்கொண்டு, குடுமியான்மலைக் கல்வெட்டையும் அப்படியே எடுக்கச் சொல்லியிருக்கிறது. மலையேற முடியாதவர்களுக்குக் குகையைக் காட்ட, கண்ணில் மாட்டுகிற ஹெட்செட்டும் வந்துவிட்டது. அதில் கேட்பது என் குரல்.

காதில் இயர்போன் மாட்டிய பயணிகள் இப்போதும் வருகிறார்கள். அவர்களுக்கு நான் தேவையில்லைதான். அதில் எனக்கு வருத்தம் குறைந்துவிட்டது. கைடு வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றே: மெஷின் வந்துவிட்டதே, நமக்கு வேலை இருக்குமா? இருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: புதுக் கருவி ஒன்று வந்தால் அது நம்மை எங்கே தள்ளுகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். இதுவரை வாசலோடு திரும்பிப்போன யாரை அது உள்ளே கொண்டுவருகிறது என்றும் பாருங்கள். அப்படி உள்ளே வருகிறவர்கள், அதுவரை நம்மிடம் யாரும் கேட்காததைக் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல நாம் முதலில் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.