ஆக்னஸ் கதவில் மாட்டிய வளையம்

காய்ந்த பூவில் வளையம் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் ஆக்னஸும் நானும் ஒரே மேசை. நான் முப்பது கட்டினால் அவள் நாற்பது கட்டுவாள். எப்படி என்று கேட்டால், "ஏளா பொன்செல்வி, ஒன் வாய் வேல செய்யுத நேரத்துல என் கை வேல செய்யுது" என்று சிரிப்பாள். அவள் வீட்டுக்காரர் வில்பிரட் போன வள்ளம் கடலில் கவிழ்ந்த நாளோடு அந்தச் சிரிப்பு போயிற்று. கூடப் போன இரண்டு பேரை மீட்டுவிட்டார்கள். அவரை மட்டும் காணவில்லை.

நாற்பது நாள் ஆனது. இறந்தவர்களுக்கான பூசையை வைத்துவிடலாம் என்று வில்பிரட்டின் தங்கை பிளாரன்ஸ் தினமும் கெஞ்சினாள். "ஒடம்பக் காட்டு, வைக்கேன்" என்று ஆக்னஸ் ஒரே பிடியாக நின்றாள்.

ஒரு மத்தியானம் வேலைக்கு நடுவில் ஆக்னஸ், இந்த வளையத்தை வெளிநாட்டில் என்னதான் செய்வார்கள் என்று கேட்டாள். வீட்டுக்கு வருகிறவர்களை வரவேற்க வாசல் கதவில் மாட்டுவார்களாம் என்றேன். பாவி நான், அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கழித்துப்போட்ட பூவையும் ஒரு பை நிறைய அள்ளிக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை அவளுக்கு இட்லி கொண்டுபோனபோது வளையம் கதவில் இருந்தது. கொடியை இரண்டு சுற்றாக வளைத்து, சணலால் இறுக்கி, வாடாமல்லியைக் கொத்துக் கொத்தாகக் கட்டியிருந்தாள். கம்பெனியில்கூட அவள் அவ்வளவு நன்றாகக் கட்டியதில்லை. எங்கள் ஊரில் பூவளையம் சாவுக்கு மட்டும்தான் வைப்பார்கள். தினமும் கையில் புரள்கிற சாமான் என்பதால் எங்கள் இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை.

முதல் பூசை முடிந்து வந்த பெண்கள் கதவைப் பார்த்து நின்றார்கள். பிளாரன்ஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"மைனி, இப்பமாவது மனசத் தேத்திக்கிட்டியளே!"

"ஏளா, அது அவுக திரும்பி வாறதுக்கு மாட்டுனது."

அழுகைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. நானும் கத்திப் பார்த்தேன். வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். யாரோ சொல்லி நாற்காலிகளும் வந்து இறங்கின.

பத்து மணிக்குக் கோயில் உபதேசியார் நோட்டோடு வந்தார். பூசையில் வாசிக்க விவரம் வேண்டுமாம்.

"எறந்த தேதி என்னம்மா போட? வள்ளம் கவுந்த அன்னைக்கே போட்டுரட்டா?"

ஆக்னஸ் அழுகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதிர்த்துப் பேச அவளிடம் தெம்பு இல்லை.

"இன்னைக்குத் தேதியப் போடுங்க" என்றாள். "நேத்து வரைக்கும் உசுரோடதான் இருந்தாவ."