‘முடிஞ்சு’ சொன்ன பிறகு எடுத்த படம்

கொல்லயிலில் எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் என் மாமியாரின் கல்யாணப் படம் தொங்குகிறது. மாமனார் மீசையை முறுக்கிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். பக்கத்தில் மாமி, தலையில் வெள்ளை நெட் முக்காடும் கையில் பூச்செண்டுமாக, இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு. மருமகளாக அந்த வீட்டுக்குள் வந்த அன்றே படத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். மாமனார் கடலுக்குப் போய் வளர்ந்தவர். பேச்சிலும் கொஞ்சம் உப்பு உண்டு. “கண்ணத் தொறந்து என்னைய பாத்திருந்தா அவ அண்ணைக்கே ஓடியிருப்பா ஆக்கும்” என்பார். மாமி முறைப்பார், பிறகு அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த ஒரு படம் மட்டுமல்ல. பிள்ளைகளின் ஞானஸ்நானம், வீடு பால்காய்ச்சு, என் கல்யாணம் என்று வீட்டிலுள்ள எந்தப் படத்தை எடுத்தாலும் மாமியின் கண்கள் மூடித்தான் இருக்கும். நானோ உதியன்குளங்கரையில் ஸ்டூடியோ வைத்திருப்பவள். தமிழும் மலையாளமும் சந்திக்கும் எல்லையின் இரண்டு பக்கமும் கல்யாணங்களுக்குப் போகிறவள். நேராக நில்லுங்கள், தாடையை உயர்த்துங்கள், இங்கே பாருங்கள், ஒன்று, இரண்டு, மூன்று. ஊரையே நிறுத்தி வைத்துப் படமெடுக்கத் தெரிந்த எனக்குச் சொந்த வீட்டில் ஒரு ஜோடிக் கண்களைப் பிடிக்க முடியவில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதும் இல்லை, மாமிக்கு நோய் வரும்வரை.

இனி மருந்தால் ஆகப்போவது அதிகமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த மறுவாரம் மாமி என்னைக் கூப்பிட்டு, ஒரு கிலோ சாளை மீன் வாங்கி வரச் சொல்வதுபோலச் சொன்னார்: “மக்கா, ஊருக்கெல்லாம் எடுக்குத. எனக்கும் கண்ணு தொறந்த படம் ஒண்ணு எடுத்துத் தா. நான் போனா பெட்டிமேல வைக்கதுக்கு வேணும். அங்கயும் கண்ண மூடிக்கிட்டு இருந்தா ஆளுவ சிரிக்கும்.” எடுத்துத் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை, கிழக்கு வாசலில் நல்ல வெளிச்சம் பார்த்து நாற்காலி போட்டேன். மாமி கஞ்சி போட்ட சேலை கட்டி, கழுத்தில் ஜெபமாலையோடு வந்து உட்கார்ந்தார். ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி எண்ணினேன். மூன்று என்றதும் கண்கள் மூடின. எண்ணாமல் எடுத்தேன், மூடின. பிளாஷை அணைத்துப் பார்த்தேன், தென்னையில் இருந்த காக்கையைக் காட்டிப் பார்த்தேன், கதை சொல்லிப் பார்த்தேன். என் விரல் அசையப்போவது அவருக்கு எப்படித்தான் தெரியுமோ! நேரம் போகப்போக என் குரல் கல்யாண வீட்டில் அதட்டும் குரலாக மாறியது. மாமி பரீட்சையில் தோற்ற பிள்ளையைப்போலக் குறுகிப்போனார். “என்னக் கொண்டு ஆவாது மக்கா, விட்டுரு” என்றார்.

எனக்கும் தெம்பு போய்விட்டது. “சரி மாமி, முடிஞ்சு” என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவருடைய தோள்கள் இறங்கின. பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. கண்களை அகலத் திறந்து என்னை நேராகப் பார்த்து, “நீ ஏதாவது தின்னியா மக்கா?” என்று கேட்டார். என் கை இன்னும் கேமராவின் மேலேயே இருந்தது. அழுத்தினேன்.

வேலை பழகிய இத்தனை காலத்தில், மூன்று என்று சொன்னதும் கேமராவை இறக்கிவிட்டு அடுத்த கூட்டத்தைக் கூப்பிடுவதுதான் என் சுறுசுறுப்பு என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி இல்லை. “முடிஞ்சு” என்கிறேன், மலையாளம் பேசும் வீடென்றால் “கழிஞ்ஞு” என்கிறேன், பிறகு அசையாமல் நிற்கிறேன். அப்போதுதான் பெண்ணின் அப்பா மூச்சு விடுகிறார், அம்மா மகளின் நெட்டைச் சரிசெய்கிறாள், மாப்பிள்ளை காலைக் கடிக்கும் ஷூவை நினைத்து முகம் சுளிக்கிறான். வீட்டுக்காரர்கள் பெரிதாக்கி மாட்டக் கேட்பதும் பெரும்பாலும் அந்தப் படங்களைத்தான்.

மாமி போனபோது அந்தப் படத்தைத்தான் பெட்டியின் மேல் வைத்தோம். எங்கள் பக்கத்து வழக்கப்படி, கோயிலுக்கு எடுக்கும் முன் பெட்டியைச் சுற்றி நின்று குடும்பப் படம் எடுத்தார்கள். அன்று கேமரா வேறொருவர் கையில். அதிலும் எங்கள் எல்லோருடைய கண்களும் திறந்திருந்தன, மாமியின் கண்கள் மட்டும் மூடியிருந்தன.

நாத்தனாருக்குப் பெட்டிமேல் இருந்த படத்தில் ஒரு குறை. “அம்மைக்க வாய் கொஞ்சம் தொறந்திருக்கே மைனி, வேற படம் இல்லியா?” என்று என் காதில் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் மாமனார் திரும்பினார். அந்தப் படம் எடுத்த காலையில் என்ன நடந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் படத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “தின்னியாண்ணு கேக்கா. வேற என்ன கேப்பா அவ?”

கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் இப்போது அதுவும் தொங்குகிறது. கல்யாண வேலை உள்ள காலைகளில் வெறும் வயிற்றோடு கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுவது என் பழைய பழக்கம். முன்னறையைத் தாண்டித்தான் போகவேண்டும். இப்போதெல்லாம் அங்கே வந்ததும் பையை நாற்காலியில் இறக்கி வைத்துவிட்டு அடுக்களைக்குத் திரும்புகிறேன். இரண்டு இட்லியாவது தின்றுவிட்டுத்தான் வெளியே இறங்குகிறேன்.